ஆயுள் தண்டனையை மீளாய்வு செய்யச் சட்டம் வந்தால் அது எதுவரை போகலாம்?

களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பிக்கு மட்டக்களப்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பிறகு ஜனாதிபதி அதை ஆயுள் தண்டனையாக மாற்றினார். உள்ளே போய் 17 வருடமாகிறது. ‘14 வருடம் முடிந்தால் விடத்தானே வேண்டும்’ என்று ஊரில் சொல்கிறார்கள். ஆயுள் கைதிகளை மீளாய்வு செய்யப் புதுச் சட்டம் வரப்போகிறது, சில வழக்குக்காரர்களை மட்டும் அதில் சேர்க்கமாட்டார்கள் என்றும் கதை உலவுகிறது. பாராளுமன்றம் நினைத்தபடி அப்படி ஒரு சட்டம் போடலாமா என்பது அவருடைய கேள்வி.

மட்டக்களப்பு நீதிமன்றங்களில் நீண்ட காலம் சட்டத்தரணியாக நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 14 வருடக் கணக்கை இன்றோடு மறந்துவிடுங்கள் தங்கச்சி. அது நம் நாட்டுச் சட்டமே இல்லை. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து படங்களோடு வந்து இறங்கியது. அங்கேயும் அதன் பொருள் வேறு. இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1978இல் 433ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்காக ஆயுள் பெற்றவரை, 14 வருடம் உள்ளே இருக்கும் முன் அரசு விடக்கூடாது என்பது அதன் சாரம். 14 வருடம் போகும் வரை கதவைத் தட்டவே முடியாது என்ற தடையைத்தான் நம் ஆட்கள் கதவு திறக்கும் நாளாக விளங்கிக்கொண்டார்கள். ஆயுள் என்றால் உயிர் உள்ளவரை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1961இலேயே சொல்லிவிட்டது. பேரறிவாளன் 2022 மே மாதம் விடுதலையானபோது கைதாகி ஏறக்குறைய 31 வருடம் கழிந்திருந்தது.

இந்தியத் தீர்ப்புகளை வாசிக்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அங்கே ‘உயர் நீதிமன்றம்’ என்பது மாநில நீதிமன்றம்; நமக்கு அது நாட்டின் தலை நீதிமன்றம். இந்த ஒரு சொல்லால் வாட்ஸ்அப்பில் எத்தனை பேர் தவறான நம்பிக்கையோடு என்னிடம் வந்திருக்கிறார்கள் என்று சொல்லி முடியாது.

நம் தண்டனைச் சட்டக்கோவை, ஆயுள் தண்டனை இத்தனை வருடத்தில் முடிகிறது என்று எங்கும் சொல்லவில்லை. பத்து வருடம், பதினைந்து வருடம் என்று தண்டனை பெற்றவருக்கு நன்னடத்தைக்காக நாள்கள் கழிக்கப்படும். ஆயுள் கைதிக்கு முடிவுத் திகதியே இல்லாதபோது எதிலிருந்து கழிப்பது? ஆகவே முதலில் யாராவது அந்த ஆயுளை ஓர் எண்ணாக மாற்ற வேண்டும். அந்த ‘யாராவது’ ஜனாதிபதி. அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை அவருக்கு நான்கு வகை அதிகாரம் தருகிறது: மன்னிக்கலாம், தண்டனை நிறைவேற்றத்தைத் தள்ளிவைக்கலாம், கடும் தண்டனைக்குப் பதில் இலகுவானதை வைக்கலாம், முழுவதையோ ஒரு பகுதியையோ கழித்துவிடலாம். உங்கள் தம்பியின் மரண தண்டனை ஆயுளானது இதில் மூன்றாவது வழியால். அந்த ஆயுள் 20 வருடமாகவோ 25 வருடமாகவோ குறைந்தால் அதுவும் இதே உறுப்புரையால்தான் நடக்கும்.

ஒரு விசித்திரத்தையும் கவனியுங்கள். மரண தண்டனைக் கைதியின் விடயத்தில் ஜனாதிபதி என்ன செய்ய வேண்டும் என்று அதே உறுப்புரை படிப்படியாகச் சொல்கிறது. வழக்கை விசாரித்த நீதிபதியிடம் அறிக்கை பெற வேண்டும், அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்குப் போக வேண்டும், பிறகு நீதி அமைச்சரின் பரிந்துரையோடு ஜனாதிபதியிடம் திரும்ப வேண்டும். ஆயுள் கைதிக்கு இப்படி ஒரு படியும் எழுதப்படவில்லை. தூக்குத் தண்டனைக்காரருக்கு ஒரு கோப்பு உண்டு, ஆயுள்காரருக்கு அதுவும் இல்லை. 1976 ஜூனுக்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை. தூக்கு எல்லாம் நடைமுறையில் ஆயுளாகிவிட்டது. ஆனால் ஆயுளை எப்படி, எப்போது மறுபடி எடுத்துப் பார்ப்பது என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இதன் விளைவை நான் ஒரு பிளாஸ்டிக் உறையில் கண்டேன். சில வருடங்களுக்கு முன் வாகரையிலிருந்து ஒரு தாய் வந்தார். சேலைத் தலைப்புக்குள் இருந்து அந்த உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே பதினொரு கடிதங்கள், எல்லாம் கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்திலிருந்து, எல்லாம் சிங்களத்தில். மடித்த இடங்களில் கிழிந்து, சிலவற்றுக்குப் பின்னால் டேப் ஒட்டியிருந்தார். மகனை விடுவதாக ஏதோ ஒன்றில் எழுதியிருக்கும் என்று எண்ணி எதையும் எறியாமல் வைத்திருந்திருக்கிறார். ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். பதினொன்றிலும் ஒரே வரி: உங்கள் கடிதம் கிடைத்தது, உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது. திகதி மட்டும் மாறியிருந்தது. ‘அப்போ எங்கே அனுப்பினவங்க ஐயா?’ என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

ஆகவே மீளாய்வுச் சட்டம் ஒன்று வருவது நல்லது என்பதே என் நிலைப்பாடு. வரும்போது அது எதைச் செய்யக்கூடாது என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, காலத்தைப் பற்றியது. 13(6) உறுப்புரையின்படி, குற்றம் நடந்த நாளில் இருந்த தண்டனையைவிடக் கடுமையான தண்டனையைப் பிறகு வந்த சட்டத்தால் சுமத்த முடியாது. தம்பியின் வழக்கில் முக்கியமான திகதி தீர்ப்பு நாள் அல்ல. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாள். ‘ஆயுள் கைதி 30 வருடத்துக்கு முன் மீளாய்வு கேட்க முடியாது’ என்று நாளை ஒரு சட்டம் சொன்னால், அது பழைய கைதிகளின் தண்டனையைக் கடுமையாக்குகிறதா? இங்கேதான் வழக்கறிஞர்கள் மோதிக்கொள்வார்கள். அரசு தரப்பு, ‘தண்டனை ஆயுள்தான், அது மாறவில்லை, அதை நிறைவேற்றும் முறைதான் மாறியது’ என்று சொல்லும். இந்த வாதம் வெறும் சூழ்ச்சி இல்லை. சைப்பிரஸ் நாட்டுக் கைதி கஃப்காரிஸின் வழக்கில் 2008இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அந்தப் பிரிப்பை ஏற்றுக்கொண்டது. ஆனால் குற்றம் நடந்த நாளில் ஆயுள் என்றால் என்ன என்று சட்டம் தெளிவாகச் சொல்லாததே குறை என்று அதே தீர்ப்பில் சைப்பிரஸைக் கண்டித்தது. ஐந்து வருடம் கழித்து ஸ்பெயினின் டெல் ரியோ பிராடா வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் ஓர் அடி போனது. தண்டனைக் கழிவைக் கணக்கிடும் முறையை இடையில் மாற்றி ஒருவரின் விடுதலையைப் பல வருடம் தள்ளிப்போட்டது, தண்டனையையே கூட்டியதற்குச் சமம் என்றது. இவை நம்மைக் கட்டுப்படுத்தும் தீர்ப்புகள் இல்லை. ஆனால் கொழும்பில் இந்த வாதம் எழுந்தால் இரு தரப்பும் இவற்றைத்தான் மேசையில் வைப்பார்கள்.

13(6) பற்றி ஓர் ஏமாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். தண்டனை கூடாமல் அது காக்கும்; ஆனால் தண்டனை குறைந்தால் அதன் பலனைத் தரும் என்று அதில் இல்லை. பின்னால் வரும் சட்டம் இலகுவான தண்டனையைச் சொன்னால் பழைய கைதிக்கும் அது சேர வேண்டும் என்று குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இருக்கிறது. நம் உறுப்புரையில் அந்த வாசகம் இல்லை. ஆகவே புதுச் சட்டம் பழைய கைதிகளுக்கும் பொருந்தும் என்று சட்டமூலத்திலேயே எழுதுவிக்க வேண்டும். பிறகு வாதாடிப் பெறலாம் என்று விட்டுவிடக் கூடாது.

சர்வதேச உடன்படிக்கை என்றதும் நம் மாவட்டத்துக்காரர் ஒருவரின் வழக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. சிங்கராசா 1993இல் மட்டக்களப்பில் கைதானவர். 50 வருடத் தண்டனை, மேன்முறையீட்டில் 35 ஆனது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் அவர் பக்கம் நின்றது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றம் போனபோது, 2006இல் கதவு மூடப்பட்டது: அந்தக் குழுவுக்கு முறையிடும் உரிமையைத் தந்த நெறிமுறையில் நாடு இணைந்ததே அரசியலமைப்புக்கு உடன்பாடில்லை என்றார்கள். ஆகவே ஜெனீவாவைக் காட்டி உங்களிடம் காசு வாங்குகிறவர்களை நம்பாதீர்கள். நம் வாதம் நம் அரசியலமைப்புக்குள்ளேயே நிற்க வேண்டும்.

இரண்டாவது எல்லை, தண்டிக்கும் அதிகாரம் யாருடையது என்பது. 4(இ) உறுப்புரை நீதித்துறை அதிகாரத்தை நீதிமன்றங்களின் வழியே செலுத்தச் சொல்கிறது. நீதிமன்றக் கட்டளையின்றி யாரையும் சிறையிட முடியாது என்று 13(4) சொல்கிறது. இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. 1962 ஜனவரிச் சதி முயற்சியில் பிடிபட்ட அதிகாரிகளைத் தண்டிக்கவென்றே பாராளுமன்றம் ஒரு தனிச் சட்டம் செய்தது. முன்தேதியிட்டுச் செல்லும், குறைந்தபட்சம் பத்து வருடம், அதுவும் அந்த ஒரு சம்பவத்துக்காரர்களுக்கு மட்டும். லியனகே வழக்கு என்று சட்டக் கல்லூரி முதலாம் வருடப் பிள்ளைக்கும் தெரியும். 1965 டிசம்பரில், அப்போது நம் இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. பெயர் எழுதாமல் பெயர் குறித்துத் தண்டிப்பது சட்டம் செய்வதாகாது, அது தீர்ப்பு எழுதும் வேலை, அது நீதிபதியுடையது. ‘இன்ன காலத்தில் இன்ன சம்பவத்தில் தண்டிக்கப்பட்டோருக்கு மட்டும் மீளாய்வு இல்லை’ என்று ஒரு வரி நாளை வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது லியனகேதான்.

பத்து வருடத்துக்குப் பிறகு ஜமைக்காவிலிருந்து அதே கழகத்துக்குப் போன ஹைண்ட்ஸ் வழக்கு இன்னும் நெருக்கமானது. துப்பாக்கிக் குற்றவாளிகளைக் காலவரையின்றிச் சிறையில் வைத்து, எப்போது விடுவது என்பதை ஒரு மீளாய்வுச் சபையிடம் கொடுத்திருந்தார்கள். சபையில் பெரும்பாலானோர் நீதிபதிகள் இல்லை. எவ்வளவு காலம் என்று முடிவு செய்வது தண்டனை விதிப்பதன் பகுதி, அதை நிர்வாகத்தின் கைக்கு மாற்ற முடியாது என்று 1975இல் தீர்ப்பானது. இதைத் தலைகீழாகப் பிடித்துவிடாதீர்கள். நீதிமன்றம் விதித்ததைக் குறைக்க ஒரு சபை இருக்கலாம். நீதிமன்றம் தர வேண்டிய எண்ணைச் சபை தருவதும், தந்ததைக் கூட்டுவதும்தான் ஆகாது.

நம் உயர் நீதிமன்றமும் 2008இல் இதே பக்கம் ஒரு முறை நின்றது. அனுராதபுர மேல் நீதிமன்றம் அனுப்பிய ஒரு கேள்வியில், குறைந்தபட்சம் பத்து வருடம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற ஒரு பிரிவு நீதிபதியின் கையைக் கட்டுகிறது, அது 4(இ), கொடூரத் தண்டனையைத் தடுக்கும் 11, சமத்துவம் பற்றிய 12(1) ஆகிய உறுப்புரைகளுக்கு முரண் என்றார்கள். சட்டப் புத்தகத்தில் அந்த வரி அப்படியே இருந்தது; நீதிபதியின் கைக்கட்டு மட்டும் அவிழ்ந்தது.

மூன்றாவது எல்லையைத்தான் நான் எல்லாவற்றிலும் உறுதியானதாக நினைக்கிறேன். கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான தண்டனை கூடாது என்கிறது 11ஆம் உறுப்புரை. மற்ற அடிப்படை உரிமைகளை எந்தக் காரணத்துக்காகக் குறைக்கலாம் என்று 15ஆம் உறுப்புரை பட்டியலிடுகிறது. 12ஐத் தேசிய பாதுகாப்பு என்று சொல்லிக் குறைக்கலாம். 13(6)ஐக்கூட அந்த ஒரே காரணத்துக்காகக் குறைக்கலாம். 11 அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. அதற்கு முரணான சட்டமூலத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்கிறது 83. ‘ஒருபோதும் மீளாய்வு இல்லை’ என்ற ஆயுள் தண்டனை 11ஐ மீறுகிறதா? ஏறத்தாழ இதே சொற்களை வைத்துத்தான் ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் வின்டர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது: விடுதலைக்கு ஒரு வாய்ப்பும், அதைப் பரிசீலிக்க ஒரு வழியும் இல்லாத ஆயுள் தண்டனை மனிதத்தன்மையற்றது, முதல் மீளாய்வு 25 வருடத்துக்குள் நடப்பதே உலக வழக்கு. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1977இலேயே இதைவிடக் கூர்மையாகச் சொன்னது. ஆட்சியாளரின் மன்னிப்பு என்ற வாய்ப்பு மட்டும் போதாது, விடுதலைக்கான நிபந்தனைகளும் நடைமுறையும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்றது. வாகரைத் தாயின் பதினொரு கடிதங்களுக்கும் அதில்தான் பதில் இருக்கிறது.

சிலரைச் சேர்க்காமல் விடுவது பற்றிய கதைக்கு வருகிறேன். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சில குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை உண்டு. அந்தக் கைதிகள் அனைவரையும் ஒரே வரியில் வெளியே தள்ளினால் 12(1)இன் சமத்துவம் குறுக்கே நிற்கும். ஆட்களை வகை பிரிக்கச் சட்டத்துக்கு உரிமை உண்டு. பிரித்த காரணம் சட்டத்தின் நோக்கத்தோடு பொருந்த வேண்டும். மீளாய்வின் நோக்கம் ஒரு மனிதர் இன்றும் ஆபத்தானவரா, மாறிவிட்டாரா என்று பார்ப்பது என்றால், எந்தச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டார் என்பது அதற்கு விடையாகாது. பார்த்துவிட்டு மறுக்கலாம், பார்க்கவே மாட்டேன் என்பது வேறு. ஆனால் நான் மேலே சொன்னபடி, தேசிய பாதுகாப்பு என்ற சொல் 12ஐத் தின்னக்கூடியது. ஆகவே இந்த வாதத்தை 12இல் மட்டும் தொங்கவிடாமல் 11உடன் சேர்த்துக் கட்ட வேண்டும்.

இத்தனை எல்லைகளையும் எப்போது காட்டுவது என்பதில்தான் நம் ஆட்கள் கோட்டைவிடுகிறார்கள். லியனகே காலத்தில் நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாது என்று சொல்ல முடிந்தது. 1978 அரசியலமைப்பின் 80(3) அந்த வழியை அடைத்துவிட்டது: சட்டமூலத்துக்குச் சான்று எழுதப்பட்ட பிறகு எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. 1978க்கு முந்திய பழைய சட்டங்களை, அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும், 16ஆம் உறுப்புரை காப்பாற்றி வைத்திருக்கிறது. சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் 1877ஆம் வருடத்தது என்பதை இங்கே நினைவில் வையுங்கள். ஆகவே சட்டமூலம் வர்த்தமானியில் வந்து பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும் கிடைக்கும் அந்தச் சில நாள்களுக்குள், 121ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டாக வேண்டும். எந்தப் பிரஜையும் போடலாம். களுவாஞ்சிக்குடியில் இருக்கும் நீங்களும்தான்.

மன்னிப்புக்கும் எல்லை உண்டு என்பது அண்மையில்தான் உறுதியானது. மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவச் சார்ஜனை 2020 மார்ச்சில் விடுவித்தபோது, ஜனாதிபதி கொடுத்தால் கொடுத்ததுதான் என்றே பலர் எண்ணினோம். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்குக் கொடுத்த மன்னிப்பை 2024 ஜனவரியிலும், ரோயல் பார்க் கொலைக் குற்றவாளிக்குக் கொடுத்ததை அதே வருடம் ஜூனிலும் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. 34ஆம் உறுப்புரையின் அதிகாரமும் நியாயமாக, காரணத்தோடு, ஒழுங்காகச் செலுத்தப்பட வேண்டியது என்று ஆகிவிட்டது. அதே ஜனவரியில்தான் இந்திய உச்ச நீதிமன்றமும் பில்கிஸ் பானு வழக்கின் பதினொரு குற்றவாளிகளுக்குக் கிடைத்த விடுதலையை இரத்துச் செய்தது. இத்தீர்ப்புகள் தவறாக விடப்பட்டவர்களுக்கு எதிரானவை என்றுதான் பத்திரிகைகள் எழுதின. என் கண்ணுக்கு இவற்றில் மறுபக்கமும் தெரிகிறது. கொடுக்கக் காரணம் வேண்டும் என்றால், மறுக்கவும் காரணம் வேண்டும் என்று கேட்க இடம் பிறந்திருக்கிறது. யாராவது அதைக் கேட்டு வழக்காடி முடிக்கவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தம்பிக்காக எழுதும் அடுத்த மனுவை அழுகையாக எழுதாதீர்கள். 17 வருடத்தில் சிறைக்குள் செய்த வேலை, கற்ற தொழில், ஒழுங்கு மீறல் இருந்ததா இல்லையா, நோய், வெளியே வந்தால் யார் வீட்டில் இருப்பார், இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, எந்தக் காரணத்தால் மறுக்கப்படுகிறது என்று எழுத்தில் தரும்படி கடைசியில் கேளுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் அடிப்படை உரிமை மனுவுக்கு உள்ள காலம் ஒரே ஒரு மாதம். கொழும்புக்கு ஓட வசதியில்லை என்றால் அந்த மாதத்துக்குள் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முறைப்பாட்டைப் பதியுங்கள். விசாரணை அங்கே நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. சட்ட உதவி ஆணைக்குழுவுக்கும் மட்டக்களப்பில் நிலையம் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுவார்கள்.

தீர்ப்பின் சான்றுப்படுத்திய பிரதி கையில் இல்லையென்றால், வழக்கிலக்கத்தோடு மேல் நீதிமன்றப் பதிவகத்தில் விண்ணப்பியுங்கள். கூடவே குற்றப்பத்திரிகையின் பிரதியையும் கேளுங்கள். குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் திகதி அதில்தான் இருக்கும். மற்ற எல்லாத் திகதியும் பிந்தினாலும் பரவாயில்லை, அந்த ஒன்றைச் சரியாக எழுதி எனக்கு அனுப்புங்கள்.